ஏலத்தில் வென்ற மறுநாள் வரும் இரண்டாவது பில்

கேள்வி: ஐயா, கிளிநொச்சியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஈபே என்ற இணையத் தளத்து ஏலத்தில் யப்பான்காரர் ஒருவரிடம் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை 41 டொலருக்குக் கேட்டு வென்றேன். அனுப்பும் செலவு 28 டொலர் என்று விளம்பரத்தில் இருந்தது. வென்ற மறுநாள் அவரிடமிருந்து செய்தி வருகிறது: காப்புறுதி 6 டொலர், ஹேண்ட்லிங் என்ற பொதி கட்டும் கூலி 9 டொலர், இரண்டையும் தனியாக அனுப்பினால்தான் பார்சல் வெளிக்கிடுமாம். 41 டொலர் சாமானுக்கு 43 டொலர் செலவா? இது கொள்ளை இல்லையா? அந்த 28 டொலரையும் சேர்த்து முறைப்பாடு செய்யலாமா? காப்புறுதி கட்டாமல் விட்டு, சாமான் துலைந்தால் நட்டம் என் தலையிலா?

இன்னொன்று, அது வேறு கதை. புதுக்குடியிருப்பில் இருக்கிற என் தங்கச்சி பேஸ்புக்கில் பனையோலைச் சாமான்களை ஏலத்தில் விற்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ‘கூரியர் 700 ரூபா’ என்று போடுவாள். வெள்ளவத்தையில் ஒரு அக்கா மூன்று கடகம் (பனையோலைக் கூடை) எடுத்தார். தங்கச்சி 2100 ரூபா வாங்கிக்கொண்டு மூன்றையும் ஒரே பொதியில் அனுப்பினாள். பொதியில் ஒட்டியிருந்த துண்டில் 650 என்று இருந்திருக்கிறது. அந்த அக்கா அதைப் படம் பிடித்துப் போட்டு ‘கள்ளி’ என்று எழுதிவிட்டார். கனடாவிலிருந்தும் கடகம் கேட்கிறார்கள். எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அவள் பயந்துபோய் நிற்கிறாள்.

— ஸ்டூடியோக்காரன், கிளிநொச்சி

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 15 டொலரை அனுப்ப வேண்டாம். ஈபேயில் உங்கள் கணக்குக்குள் போய், வென்ற சாமானுக்குத் தளம் காட்டுகிற மொத்தத் தொகையை, அதாவது 41-ம் 28-ம் சேர்ந்த 69 டொலரை, அங்கேயே அட்டையால் கட்டுங்கள். விற்பவர் வேறு கணக்கு இலக்கமோ வேறு இணைப்போ அனுப்பினால் அந்தப் பக்கமே போகவேண்டாம். தளத்துக்கு வெளியே கட்டுகிற காசுக்கு ஈபேயின் உத்தரவாதம் கிடையாது. அதற்காக ஒன்றுமே கட்டாமல் இழுத்தடிக்கவும் வேண்டாம். ஏலத்தில் கேட்டு வென்றால் அது ஒப்பந்தம். கட்டாவிட்டால் காசு கட்டாத ஆள் என்று உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

கட்டிய பிறகு அவருக்கு ஒரு செய்தி எழுதுங்கள்: ‘விளம்பரத்தில் இருந்த தொகையை முழுதாகக் கட்டிவிட்டேன். காப்புறுதிக்கும் ஹேண்ட்லிங்குக்கும் பிறகு தனியாகக் காசு கேட்பதற்குத் தளத்தின் விதியில் இடமில்லை. விளம்பரத்தில் சொன்ன சேவையிலேயே அனுப்பிவையுங்கள்.’ அவ்வளவு போதும். கைப்பேசியே மொழிபெயர்த்துத் தரும். செய்தியை ஈபே வழியாகவே அனுப்புங்கள், பிறகு பிரச்சினை வந்தால் அவர்கள் வாசிப்பது அதைத்தான். அவர் மறுத்து ஏலத்தை ரத்துச் செய்தால் காசு முழுதும் திரும்பி வரும். அந்த வகை லென்ஸ் இன்னொரு நாள் இன்னொருவரிடம் வரும்.

இனி அந்த 28 டொலர். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. நீங்கள் ஏலம் கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்த 28 உங்கள் கண்முன்னே இருந்தது. ‘41 டொலர் சாமானுக்கு இவ்வளவு செலவா’ என்று கேட்பது இயல்புதான், ஆனால் பார்சல் கொண்டுபோகிறவருக்கு லென்ஸின் விலையோடு சம்பந்தம் இல்லை. அவர் பார்ப்பது நிறை, பெட்டியின் அளவு, போகிற தூரம், போகிற வேகம். லென்ஸ் 400 டொலருக்கு ஏலம் போயிருந்தாலும் அதே 28 தான். விளம்பரத்தில் எந்தச் சேவை என்று எழுதியிருக்கிறார் என்று திரும்பப் பாருங்கள். அதிவேகக் கூரியர் என்றால் அந்தத் தொகையில் அதிசயம் இல்லை. சாதாரண விமானத் தபாலில் அனுப்பிவிட்டு 28 வாங்கினால் அது வேறு விஷயம். அளவுக்கு மீறின அனுப்பும் செலவு என்று தளத்துக்கு அறிவிக்கலாம். அப்படி அறிவித்தாலும் உங்களுக்குக் காசு திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏலம் கேட்கிற வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ், பெட்டி, பேலியகொடை மீன்சந்தை வரைக்கும் லொறி, எல்லாவற்றையும் மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். அந்தச் செலவு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் முறைப்படுவதில்லை. ஏலம் முடிந்து கூறு அவர் பெட்டிக்குள் போன பிறகு படகுக்காரர் வந்து, ‘இறக்கின கூலி தாருங்கோ’ என்று கேட்டுப்பார்க்கட்டும், கரையே கூடிவிடும். உங்கள் 28-க்கும் அந்த 15-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒன்று கேட்பதற்கு முன் சொன்னது, மற்றது வென்ற பிறகு வந்தது.

எப்போது சொன்னார்கள் என்பதை நான் இவ்வளவு பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஈபே 1995-ல் தொடங்கியது. நீண்ட காலமாக அவர்கள் விற்பவரிடம் எடுக்கும் தரகு, ஏலம் முடிந்த விலையின் மேல் மட்டும்தான். அனுப்பும் செலவுக்குத் தரகு இல்லை. மனிதர் சும்மா இருப்பாரா? சாமானை 1 சதத்துக்குப் போட்டு, அனுப்பும் செலவை 20 டொலர் என்று எழுதினார்கள். தரகும் மிச்சம், விலை வரிசையில் முதல் இடமும் கிடைக்கும். 2011-ல் அனுப்பும் செலவையும் சேர்த்தே தரகு என்று மாற்றின பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

ஆனால் வாங்குகிறவரின் மனதில் இருக்கிற ஓட்டை அடைபடவில்லை. ஹொசைன், மோர்கன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஈபேயில் தாங்களே இசைத்தட்டுகளையும் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுகளையும் ஏலத்தில் விட்டுப் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தட்டை ஒருமுறை ஆரம்ப விலை 4 டொலர், அனுப்புவது இலவசம் என்று போட்டார்கள். இன்னொருமுறை ஆரம்ப விலை 1 சதம், அனுப்ப 3.99 டொலர் என்று போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் 1 சதத்துக்குத்தான் ஆட்கள் கூட வந்தார்கள், முந்தியும் வந்தார்கள். விற்றவர் கைக்கு வந்த மொத்தக் காசும் பெரும்பாலும் அதில்தான் கூட. அனுப்பும் செலவு சாமானின் விலையோடு பார்க்க மிகப் பெரிதாகத் தெரிந்த இசைத்தட்டுகளில் மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை. படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் பெரிய எழுத்தில் இருக்கிற இலக்கத்தைத்தான் பார்க்கிறோம்.

ஆகவே அடுத்த முறை கேட்பதற்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டில் கீழிருந்து மேலே கணக்குப் போடுங்கள். லென்ஸ் கிளிநொச்சியில் உங்கள் கைக்கு வந்துசேர 75 டொலருக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று வைத்துக்கொள்வோம். வரியை முதலில் கழிக்கவேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: இலங்கைச் சுங்கம் வரி கணிப்பது சாமானின் விலைக்கு மட்டும் அல்ல, விலை, காப்புறுதி, கொண்டுவந்த கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. அனுப்பும் செலவு கூடினால் வரியும் கூடும். வீதம் சாமானுக்குச் சாமான் மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். கணக்குக்காக எல்லா வரியும் சேர்த்து 20 வீதம் என்று வையுங்கள். 75-ஐ 1.2 ஆல் பிரித்தால் 62.50. அதில் 28 போனால் 34.50. அதுதான் நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை. நீங்கள் 41 வரைக்கும் போயிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் லென்ஸ் கைக்கு வரும்போது 82 டொலர் 80 சதம். உங்களை ஏமாற்றியது 28 டொலர் இல்லை தம்பி, ஏலத்தின் கடைசி இரண்டு நிமிடம்.

காப்புறுதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் என்னிடம் வவுனியாவுக்கு வருகிற பார்சல் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முட்டுப்படுகின்றன.

பார்சலுக்குக் காப்புறுதி எடுப்பவர் அனுப்புகிறவர். தபாலானாலும் கூரியரானாலும் ஒப்பந்தம் அவருக்கும் கொண்டுபோகிறவருக்கும் இடையில்தான். பெறுமதி எழுதுபவர் அவர், பற்றுச்சீட்டு அவர் கையில், துலைந்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிப்பவரும் வழமையாக அவர்தான். அந்த 6 டொலரைக் கட்டினாலும் கூரியர் கந்தோரில் போய் ‘எனக்கு நட்டஈடு தாருங்கோ’ என்று கேட்க உங்களிடம் ஒரு கடதாசியும் இருக்காது. மற்றப் பக்கம் பாருங்கள்: ஈபேயின் உத்தரவாதப்படி சாமான் உங்களுக்கு வந்துசேராவிட்டால் விற்றவர் காசைத் திருப்பவேண்டும். அவர் காப்புறுதி எடுத்தாரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்படியென்றால் அந்தக் காப்புறுதி காப்பாற்றுவது யாருடைய காசை? விற்பவருடையதை. அதற்கு உங்களிடம் தனியாக வாங்குவது பொருத்தம் இல்லை. ஈபே அமெரிக்கத் தளத்தில் 2008-லேயே விற்பவர்கள் காப்புறுதிக்குத் தனிக் கட்டணம் கேட்பதை நிறுத்திவிட்டது. தேவையானவர் அதை அனுப்பும் செலவுக்குள் சேர்த்து ஆரம்பத்திலேயே காட்டலாம், அது நியாயம்.

காப்புறுதி என்ற பெயரில் வாங்கிவிட்டு எடுக்காமலே விடுகிறவர்களும் உண்டு. நூறு பேரிடம் 6 டொலர் வாங்கினால் 600. அதில் இரண்டு பார்சல் துலைந்து, உங்களைப் போன்ற இருவருக்கு ஆளுக்கு 69 டொலர் திருப்பினாலும் 138 தான் போகும். மிச்சம் லாபம். காப்புறுதி எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் எந்த நிறுவனம், எவ்வளவு பெறுமதிக்கு, என்ன இலக்கம் என்று கேளுங்கள். எடுத்தவருக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

உண்மையாகவே எடுத்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் காசு வராது. நட்டஈடு மறுக்கப்படும்போது நான் அதிகம் காணும் காரணம் ‘பொதி சரியாகக் கட்டப்படவில்லை’ என்பது. கண்ணாடிச் சாமானில் இது இன்னும் மோசம். பார்சல் வந்ததும் கத்தியை வைக்கமுதல் நாலு பக்கமும் படம் எடுங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள், பெட்டியையும் உள்ளே இருந்த பஞ்சு, குமிழ் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வைத்திருங்கள். பெட்டியை எரித்துவிட்டு வந்து நிற்பவருக்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நம் ஊரில் இன்னொரு பழக்கம்: ‘கிஃப்ட் என்று போட்டு 10 டொலர் என்று எழுதிவிடச் சொல்லுங்கோ, வரி வராது.’ சுங்கத்துக்குப் பொய் சொல்வது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பத்து டொலர் என்று எழுதின பார்சல் துலைந்தால் நட்டஈடும் பத்து டொலருக்குத்தான். காப்புறுதியும் வேண்டும், பெறுமதியையும் குறைத்து எழுதவேண்டும் என்றால் எப்படி?

லண்டனில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு எடுப்பித்து, ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் கொண்டுவருவதும் நடக்கிறது. செலவு குறையும், சரி. ஆனால் ஈபேயின் பார்வையில் சாமான் லண்டன் வாசலில் கொடுத்ததோடு ஒப்படைத்தாயிற்று. அங்கிருந்து கிளிநொச்சிக்கு வருவதற்குள் என்ன நடந்தாலும் அது உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் இடையிலான விஷயம்.

அந்த ஹேண்ட்லிங் 9 டொலர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம். வெளிநாட்டுக் கூரியர் நிறுவனங்கள் நகரங்களுக்கு வெளியே இருக்கிற முகவரிகளுக்குத் தூரப் பிரதேசம் என்று மேலதிகக் கட்டணம் போடும். விற்பவர் கொழும்பை நினைத்து 28 என்று எழுதியிருப்பார். பிறகு கிளிநொச்சித் தபாற் குறியீட்டைப் போட்டதும் தொகை கூடிக் காட்டியிருக்கும். அவர் கள்ளனாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனாலும் இலங்கைக்கு அனுப்புவேன் என்று விளம்பரத்தில் போட்டவர் வன்னிக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார். இனிமேல் கேட்பதற்கு முன்னால் உங்கள் தபாற் குறியீட்டைக் கொடுத்து, ‘இந்த இடத்துக்கும் இதே தொகையா?’ என்று ஒரு வரி கேட்டு வையுங்கள். தபால் வழி அனுப்புகிற விற்பனையாளர் கிடைத்தால் இன்னும் நல்லது. உலகத் தபால் ஒன்றியத்தின் ஏற்பாட்டில் தபால் ஒரு நாட்டுக்குள் தலைநகர், பட்டிக்காடு என்று பிரித்துக் காசு வாங்குவதில்லை. அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்தில் முடிகிற 13 இடத்து இலக்கம் ஒன்று தருவார்கள், அதை வைத்து பார்சல் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். முகவரியில் வீட்டு இலக்கம் இல்லாதவர்கள் கைப்பேசி இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ‘ஆலடிச் சந்தி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்’ என்பது தபாற்காரருக்கு விளங்கும், கூரியர் பெடியனுக்கு விளங்காது.

இப்போது தங்கச்சி. ‘அது வேறு கதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இதே கதைதான், நீங்கள் இந்தமுறை மேசையின் மற்றப் பக்கம் நிற்கிறீர்கள்.

ஒரு கடகத்துக்கு 700 ரூபா வாங்கியது அநியாயம் இல்லை. கூரியர் துண்டில் இருக்கிற தொகை கூரியருக்குப் போனது மட்டும். பெட்டி யாரோ தந்தார்கள் என்றாலும் ஒட்டுநாடா வாங்கவேண்டும். மாரி காலத்தில் ஓலை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் உள்ளே ஒரு பொலித்தீன், வெளியே ஒரு பொலித்தீன். அப்புறம் கூரியர் கிளை வரைக்கும் ஓட்டோவோ பஸ்ஸோ. அங்கே வரிசை. இதற்கெல்லாம் 250 ரூபா அளவில் வைத்தால் யாரும் குறை சொல்லமுடியாது. அவள் உழைப்புக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும்; பொதி கட்டுவது வேலை இல்லையா? பிழை, அதை ‘கூரியர் 700’ என்று எழுதியது. துண்டைப் பார்க்கிற எவரும் அதைப் பொய் என்றுதான் நினைப்பார். ‘பொதி கட்டி அனுப்பும் செலவு 700’ என்று எழுதியிருந்தால் ஒரு கடகம் வாங்கினவர் வாயே திறந்திருக்கமாட்டார்.

மூன்றுக்கு 2100 வாங்கியதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. மூன்று கடகத்தையும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஒரே பொதி, ஒரே ஓட்டோ, ஒரே வரிசை. கூரியர் 650, பொதிச் செலவு 250, பெரிய பொலித்தீனுக்கும் கூடுதல் ஒட்டுநாடாவுக்கும் ஒரு நூறு: 1000 ரூபா. 1100 ரூபாவை இன்றைக்கே அந்த அக்காவின் கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். திருப்பிவிட்டு அதே பதிவுக்குக் கீழே, ‘ஒன்றுக்கான செலவை மூன்றுக்கும் பெருக்கிவிட்டேன், மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன், செலவு விபரம் இது’ என்று எழுதட்டும். அழித்துவிடச் சொல்லி கெஞ்சவும் வேண்டாம், எதிர்த்து ஏசவும் வேண்டாம். அந்த அக்கா ‘கள்ளி’ என்று எழுதியது கூடிப்போன வார்த்தைதான். முதலில் உட்பெட்டியில் கேட்டிருக்கலாம். ஆனால் காசு கூட வாங்கின பக்கம்தான் முதலில் இறங்கிவரவேண்டும்.

இனி ஒவ்வொரு ஏலப் பதிவிலும், ஆரம்ப விலைக்குப் பக்கத்திலேயே, இப்படி ஒரு வரி இருக்கட்டும்: ‘பொதி கட்டி அனுப்பும் செலவு முதல் சாமானுக்கு 700 ரூபா, அதே பொதியில் சேரும் ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக 150 ரூபா. வழியில் துலைந்தாலோ நனைந்தாலோ பொறுப்பு என்னுடையது. காசு திருப்பித் தரப்படும்.’ மூன்று எடுத்தால் 1000, கணக்குச் சரி.

கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்பாள். பேஸ்புக் ஏலத்துக்கு ஈபே மாதிரி ஒரு விதிப் புத்தகம் இல்லை, ஆகவே நாட்டுச் சட்டம்தான். நம்மிடம் இன்னும் நடப்பில் இருப்பது 1896-ம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன்படி, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி விற்பவர் கொண்டுபோகிறவர் கையில் சாமானைக் கொடுத்தாலே பொதுவாக அது வாங்குபவருக்கு ஒப்படைத்ததாகிவிடும். அதாவது ஈபேக்கு நேர்மாறு. மாங்குளத்தில் பார்சல் துலைந்தால் நட்டம் வெள்ளவத்தைக்காரருக்கு. சட்டம் தங்கச்சிக்குச் சாதகம்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டாம் தடவை யாரும் வாங்கமாட்டார்கள். பொறுப்பைத் தானே எழுத்தில் ஏற்றுக்கொண்டால், பொதிச் செலவுக்குள் சின்னதாக ஒரு தொகையை அதற்காக வைப்பதும் நியாயமாகிவிடும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தானோ தன் ஆளைக் கொண்டோ ஏலம் கேட்டு விலையை ஏற்றக்கூடாது. மச்சாள் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்து விலை ஏற்றுகிற வேலை ஏதும் நடந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

உள்நாட்டு விற்பனையில் பிணக்கு முற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003-ம் ஆண்டின் 9-ம் இலக்கச் சட்டப்படி. 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். எழுத்தில் முறைப்பாடு என்றால் வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். வட்ஸ்அப், மெசெஞ்சர் செய்திகளை அழிக்கவேண்டாம். 2006-ம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, கைப்பேசியில் பேசி முடித்தது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லமுடியாது. யப்பான்காரரை இந்தச் சபையால் ஒன்றும் செய்யமுடியாது, அவருக்கு ஈபேதான் வழி.

கனடாவுக்குக் கடகம் அனுப்புவது நல்ல யோசனை, ஆனால் விலை போடமுதல் அளவுநாடாவை எடுங்கள். வெளிநாட்டுக் கூரியர்கள் உண்மை நிறை, கன அளவு நிறை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரிப்பது வழக்கம். கடகம் வைத்த பெட்டி 40-க்கு 40-க்கு 25 என்றால் 40,000. பிரித்தால் 8 கிலோ. தராசில் ஒரு கிலோ அளவில் நிற்கிற சாமானுக்கு 8 கிலோக் காசு! மூன்றை அடுக்கி உயரம் 35 ஆனால் 11.2 கிலோ. ஒன்றுக்கும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே கனடாவுக்கு ஒற்றைக் கடகம் விற்கவேண்டாம். அடுக்குக் கடகமாக ஏலம் விடட்டும். தபாலில் உண்மை நிறைக்கு அனுப்ப முடியுமா, பெட்டியின் அளவு வரம்புக்குள் வருமா என்று கிளிநொச்சித் தபாற் கந்தோரில் கேட்டுவிட்டு, இரண்டில் எது மலிவோ அதை எழுதலாம். ‘அங்கே சுங்க வரியோ கூரியரின் தரகுக் கூலியோ வந்தால் அது வாங்குபவருடையது’ என்பதையும் பதிவிலேயே போடவேண்டும். தபாலில் போனால் கனடாவில் வரியில்லாமல் விடுகிற வரம்பு 20 கனேடிய டொலர்தான். கடகம் அதைத் தாண்டிவிடும். கதவடியில் கூரியர்காரர் காசு கேட்டால் ரொறன்ரோ அக்காவும் ஒரு படம் பிடித்துப் போடுவார்.

திரும்ப உங்கள் லென்ஸ். வந்ததும் முன்பின் மூடிகளைக் கழற்றி, ரோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் பூஞ்சணம். விளம்பரத்தில் ‘பூஞ்சணம் இல்லை’ என்று இருந்து, உள்ளே இருந்தால், கிடைத்து 30 நாளுக்குள் ‘விளம்பரத்தில் சொன்னபடி இல்லை’ என்ற காரணத்தைத் தெரிவுசெய்து திருப்பி அனுப்பும் விண்ணப்பத்தைப் போடுங்கள். அந்தக் காரணத்தில் திருப்பினால் 41 மட்டுமல்ல, அனுப்பிய 28-ம் சேர்ந்து வரவேண்டும். திரும்பி யப்பானுக்குப் போகும் கூலியும் அவருடையது. ‘மனம் மாறிவிட்டது’ என்ற காரணத்தைத் தவறி அழுத்திவிட்டால் அந்தக் கூலி உங்கள் பையிலிருந்து போகும். ஆகவே பொத்தானை அழுத்தமுதல் ஒருதரம் வாசியுங்கள்.